விலைவாசியும் பணவீக்கமும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் மளிகைக்கடைகளுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. மாதா மாதம் 20ஆம் தேதிக்கு மேல் புள்ளிவிவரத் துறை பணவீக்க எண்ணை வெளியிடும். அது வானொலியில் வந்த மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் கல்லாப்பெட்டியை விட்டுவிட்டு என்னிடம் வந்து கேட்பார்கள். தோட்டத்திலிருந்து வரும் பாட்டிமார், லாரி ஓட்டும் தம்பிகள், ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகள் என்று ஆள் மாறும், கேள்வி பெரும்பாலும் மாறாது. தீபாவளி நெருங்கினால் இன்னும் அதிகம்.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எண்கள் எல்லாம் 2025 அக்டோபர் வரைக்கும் வெளிவந்தவை.

"அண்ணே, பணவீக்கம்னா விலை ஏறுறதுதானே? அதுக்கு ஏன் தனிப் பேரு?"

ஒரு சாமான் விலை ஏறினால் அது விலையேற்றம். தக்காளி ஏறும், அடுத்த வாரம் இறங்கும். ஒரு குடும்பம் வாங்குகிற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, போன வருடம் இதே மாதத்தைவிட மொத்தச் செலவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் அதுதான் பணவீக்கம். 2025 செப்டம்பரில் 1.5 விழுக்காடு என்றார்கள். 2024 செப்டம்பரில் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிய அதே சாமான்களுக்கு இப்போது 101 வெள்ளி 50 காசு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். போன மாதத்தோடு ஒப்பிடுவதில்லை, போன வருடத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் தேவைப்படும்.

"இந்தக் கணக்கை யாரு எடுக்குறா? எங்கேயோ ஆபீஸ்ல உக்காந்து எழுதுறாங்களா?"

மலேசியப் புள்ளிவிவரத் துறை எடுக்கிறது. அதன் பெயர் பயனீட்டாளர் விலைக் குறியீடு. நாடு முழுக்கச் சந்தை, பேரங்காடி, ஒட்டுக்கடை, கிளினிக், முடிதிருத்தும் கடை என்று ஆள் அனுப்பி 500க்கும் மேற்பட்ட சாமான்கள், சேவைகளின் விலையைக் குறித்து வருகிறார்கள். மாநில வாரியாகவும், நகர்ப்புறம் கிராமப்புறம் என்றும் தனித்தனியாகக் கணக்கு வரும்.

எல்லாச் சாமானுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று தனியாக ஓர் ஆய்வு செய்து, அதை வைத்து எடை போடுகிறார்கள். இப்போதைய எடையில் உணவும் பானமும் ஏறக்குறைய 30, வீடு, தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து 23, போக்குவரத்து 11. உப்பு விலை இரண்டு மடங்கானாலும் மொத்த எண் அசையாது. சாப்பாடு கொஞ்சம் ஏறினாலே அசையும்.

"சுருக்கமா சொல்லுங்க தம்பி. இந்த அஞ்சாறு வருஷமா ஏறுச்சா இறங்குச்சா?"

2020இல் நோய்த்தொற்று வந்து ஊரடங்கு போட்டபோது விலைவாசி மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. 2021இல் 2.5, 2022இல் 3.3, 2023இல் 2.5, 2024இல் 1.8. உச்சம் 2022 ஆகஸ்டில் 4.7. உணவு மட்டும் அதே வருடம் நவம்பரில் 7.3 வரை போனது. 2025இல் ஜனவரியில் 1.7ஆக இருந்து, ஜூனில் 1.1க்கு இறங்கி, செப்டம்பரில் 1.5க்குத் திரும்பியிருக்கிறது.

"குறைஞ்சிருச்சின்னு சொல்றீங்க. அப்ப சாமான் ஏன் பழைய விலைக்கு வரலை?"

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் லாரி வேகத்தைக் குறைக்கிறது என்றால் அது கீழே இறங்குகிறது என்று அர்த்தமில்லை. மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பணவீக்க எண் சொல்வது வேகத்தை. எவ்வளவு உயரத்துக்கு வந்துவிட்டோம் என்பதை அது சொல்லாது.

உயரம் தெரிய வேண்டுமானால் வருடங்களைப் பெருக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு வருடத்தைப் பெருக்கிப் பாருங்கள். 2020இல் 100 வெள்ளியாக இருந்தது 2024இல் 110 வெள்ளி 50 காசு ஆகிறது. 2025யும் சேர்த்தால் 112 வெள்ளியைத் தொடும். செய்தியில் "குறைந்தது, குறைந்தது" என்று வந்துகொண்டிருந்த காலத்திலும் இந்த ஏற்றம் நடந்தது. பாட்டிமார் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் உயரத்தைப் பார்க்கிறார்கள், செய்தி வாசிப்பவர் வேகத்தைச் சொல்கிறார்.

"ரேடியோல ஒன்றரைன்னு சொல்றான். எங்க வீட்டுச் செலவு அப்படி இல்லையே. சும்மா பொய் சொல்றாங்கதானே லா?"

பொய் இல்லை. ஆனால் அது உங்கள் வீட்டு எண்ணும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மொத்தக் கணக்கில் எது எண்ணைக் கீழே இழுக்கிறது என்று பாருங்கள். கைப்பேசி, இணையச் சேவை எல்லாம் அடங்கிய தகவல் தொடர்புப் பிரிவு 2025 முழுக்க இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. துணிமணி, காலணியும் லேசாக இறங்கியிருக்கிறது. எரிவாயு கிலோ 1 வெள்ளி 90 காசு, ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசு, உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. இவையெல்லாம் அரசாங்கம் பிடித்து வைத்திருக்கும் விலைகள், அசையவே இல்லை. இத்தனையும் சேர்ந்துதான் ஒன்றரை.

நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை சட்டை வாங்குகிறீர்கள், மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை கைப்பேசி மாற்றுகிறீர்கள். காலையில் பசியாற ரொட்டி சானாயும் தே தாரேயும் தினம் வாங்குகிறீர்கள். தினம் கையை விட்டுப் போகிற காசுதான் மனதில் நிற்கும். அதிலும் 2025இல் வேகமாக ஏறியது வெளிச்சாப்பாடுதான். வீட்டில் சமைக்கிற சாமான்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை.

"நாங்க தோட்டத்து வீட்ல இருக்கோம். வாடகை கிடையாது. இந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்துமா?"

அவ்வளவாகப் பொருந்தாது. கேட்டவர் செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் வேலை செய்கிற ஓர் அக்கா. என்னிடம் வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான் என்பேன். மொத்தக் கணக்கில் வீட்டுக்கும் தண்ணீர், மின்சாரத்துக்கும் 23 எடை என்று சொன்னேன். அதில் பெரும்பங்கு வாடகை. வாடகை மெதுவாகத்தான் ஏறும். தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு அந்த மெதுவான பகுதி கிட்டத்தட்ட இல்லை. அந்த இடத்தைச் சாப்பாடு பிடித்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். சாப்பாடு 4 விழுக்காடு ஏறுகிறது, மற்றதெல்லாம் அரை விழுக்காடு ஏறுகிறது என்று வைப்போம். செலவில் 30 பங்கு சாப்பாட்டுக்குப் போகிற குடும்பத்துக்குப் பணவீக்கம் 1.55. செலவில் 55 பங்கு சாப்பாட்டுக்குப் போகிற குடும்பத்துக்கு 2.4க்கு மேல். ஒரே நாடு, ஒரே கடை, ஒரே விலை, ஆனால் பணவீக்கம் வேறு.

புள்ளிவிவரத் துறைக்கும் இது தெரியும். மாதம் 3,000 வெள்ளிக்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பங்களுக்கென்று தனிக் குறியீடு போடுகிறார்கள். செய்தியில் அது வருவதே இல்லை. வந்தால் பாதிப் பேரின் கோபம் குறையும்.

"2021ல ஒரு மாசம் 4.7ன்னு வந்துச்சே. ஊரே மூடிக் கிடந்தப்ப என்ன ஏறுச்சு?"

பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. போன வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அந்த விளையாட்டுதான். 2020 ஏப்ரலில் உலக எண்ணெய் விலை சரிந்து சாதாரண ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 25 காசுக்கு வந்தது. அப்போது யாரும் வெளியே போக முடியாது, மலிவு பெட்ரோலை வைத்து என்ன செய்வது? அந்த மாதம் பணவீக்கம் மைனஸ் 2.9. அடுத்த ஏப்ரலில் பெட்ரோல் 2 வெள்ளி 5 காசு. பள்ளத்திலிருந்து அளந்ததால் 4.7 என்று பெரிதாகத் தெரிந்தது.

அதனால் எண் திடீரென்று குதித்தாலும் விழுந்தாலும், போன வருடம் இதே மாதத்தில் என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள். 2022 ஆகஸ்டில் வந்த 4.7 முழுக்க அப்படியல்ல. அப்போது சாமான்கள் உண்மையாகவே ஏறின.

"உளுந்து, பருப்பு விலை இறங்கினாக்கூட தோசை விலை இறங்க மாட்டேங்குது. கடைக்காரங்க கொள்ளை அடிக்கிறாங்களா?"

கொஞ்சம் பேர் அடிக்கலாம். நான் கணக்கு எழுதும் சாப்பாட்டுக் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு தோசையில் மாவின் பங்கு சின்னது. ஆள் சம்பளம், கடை வாடகை, எரிவாயு, மின்சாரம், பொட்டலம் கட்டும் தாள், பை எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. அவற்றில் எதுவும் உளுந்தோடு சேர்ந்து இறங்குவதில்லை.

இன்னொன்று, சில்லறை. 1 வெள்ளி 20 காசு ரொட்டி சானாயை 1.5 விழுக்காடு ஏற்ற வேண்டுமென்றால் 2 காசுகூட இல்லை. அப்படி யாரும் ஏற்ற முடியாது. அதனால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம், இரண்டு வருடம் பழைய விலைக்கே விற்பார். பிறகு ஒரே நாளில் 1 வெள்ளி 50 காசு என்று பலகையை மாற்றுவார். கணக்கில் அது 25 விழுக்காடு. வாடிக்கையாளர் அந்த ஒரு நாளை மறக்கவே மாட்டார், விலை நின்ற இரண்டு வருடம் யாருக்கும் நினைவிருக்காது. பலகை மாறுகிற அன்று நான் கடைப்பக்கம் போவதைத் தவிர்த்துவிடுவேன்.

விலையை ஏற்றாமல் ரொட்டியைச் சின்னதாகப் போடுகிறவர்களும் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டில் கிராம் குறைந்தால் கணக்கெடுப்பவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார்கள், பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. ரொட்டி சானாயின் அகலத்தை யார் அளப்பது?

"இந்தியாவுல அரிசியை நிறுத்தினா இங்க ஏன் ஏறணும்? நம்ம நாட்டுலயும் நெல்லு விளையுதே?"

விளைகிறது, ஆனால் போதாது. மீதியை வெளியிலிருந்து வாங்குகிறோம். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. உலகிலேயே அதிகமாக அரிசி விற்கும் நாடு கதவைச் சாத்தினால் தாய்லாந்து, வியட்நாம் அரிசிக்கும் விலை ஏறும். 2023 செப்டம்பரில், அரிசி இறக்குமதி உரிமை வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை ஒரு டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது, 36 விழுக்காடு.

அப்போது நடந்தது ஒரு பாடம். உள்நாட்டு அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டிப்போட்டிருந்தது. இறக்குமதி அரிசி ஏறியதும் எல்லாரும் உள்நாட்டு அரிசிக்குப் பாய்ந்தார்கள். அலமாரி காலியானது. விலைச்சீட்டு 26 வெள்ளி என்றே இருந்தது, மூட்டைதான் இல்லை. கட்டுப்பாட்டு விலையில் சாமான் கிடைக்காதபோது, அந்த விலையை வைத்துப் போடும் கணக்கு நம் வீட்டுச் செலவைச் சரியாகக் காட்டாது.

வெங்காயத்துக்கும் இதே கதை. 2023 ஆகஸ்டில் இந்தியா 40 விழுக்காடு ஏற்றுமதி வரி, டிசம்பரில் முழுத் தடை, 2024 மே மாதம் தடை நீக்கம். வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீங்கியது.

"ரிங்கிட் மதிப்பு ஏறிடுச்சுன்னு பேப்பர்ல போட்டான். வெளிநாட்டுச் சாமான் மலிவாகணுமே?"

2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4 வெள்ளி 80 காசு வரை போனது, 1998க்குப் பிறகு மோசமான நிலை. அதே வருடம் செப்டம்பர் இறுதியில் 4 வெள்ளி 12 காசு அளவுக்குத் திரும்பியது. ஆனால் மொத்த வியாபாரி பழைய விலைக்கு வாங்கிய சரக்கை முதலில் விற்பார். அது முடிந்ததும் மறுபடி ரிங்கிட் விழுமோ என்று கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார். ஏறும்போது உடனே, இறங்கும்போது மெதுவாக. போட்டி இருக்கும் சாமானில் சீக்கிரம் இறங்கும், ஒரே ஆள் இறக்குமதி செய்யும் சாமானில் இறங்காமலே போகும்.

"முட்டை மானியத்தை எடுத்தா முட்டை வாங்கவே முடியாதுன்னாங்க. ஒண்ணும் ஆகலையே?"

2025 மே 1இல் ஒரு முட்டைக்கு 10 காசாக இருந்த மானியத்தை 5 காசாக்கினார்கள், ஆகஸ்ட் 1இல் முழுக்க எடுத்தார்கள், விலைக் கட்டுப்பாடும் போனது. முட்டை தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எடுத்ததால் பெரிய குதிப்பு இல்லை. கோழிக்கும் 2023 நவம்பர் 1இல் இப்படித்தான் செய்தார்கள்.

இதே வேலையை 2022இல் செய்திருந்தால் கதை வேறு. அப்போது கோழிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஜூன் 1 முதல் மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியையே நிறுத்த வேண்டியிருந்தது, ஜூலையில் கிலோ 9 வெள்ளி 40 காசு என்று உச்சவரம்பு போட்டார்கள். மானியம் எடுப்பதில் நேரம் பாதி வேலை.

"பெட்ரோல் 1.99 ஆயிடுச்சு. இனிமே எல்லாம் இறங்கும்தானே?"

2025 செப்டம்பர் 30இல், மைகார்டும் (அடையாள அட்டை) ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசு என்று கொண்டுவந்தார்கள். முன்பு 2 வெள்ளி 5 காசு. மானியம் இல்லாதவர்களுக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. 6 காசு குறைவு என்பது 3 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் 100 வெள்ளிச் செலவில் 6 வெள்ளி பெட்ரோலுக்குப் போகிறது என்றால் மிச்சம் 18 காசு. மோட்டார் சைக்கிள் ஓட்டும் தம்பிக்கு மாதக் கடைசியில் ஒரு தே ஓ வாங்கலாம். சாமான் விலை இதனால் இறங்காது, ஏனென்றால் சாமான் வருவது லாரியில், லாரி ஓடுவது டீசலில்.

"அப்ப டீசல் ஏறினப்ப மட்டும் ஏன் பணவீக்கம் ஏறலை?"

2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசு ஆனது. ஆனால் அந்த வருடம் ஜூன், ஜூலையில் பணவீக்கம் 2.0தான். குடும்பங்கள் நேரடியாக டீசல் வாங்குவது ரொம்பக் குறைவு, அதனால் எடையும் குறைவு. சாமான் ஏற்றும் லாரிகளுக்கு மானிய அட்டை கொடுத்துப் பழைய விலையிலேயே விட்டார்கள். சிறு செம்பனை விவசாயிகளுக்கும் தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை. சொந்தமாக ஒரு பழைய வண்டி வைத்துக்கொண்டு காய்கறி விற்பவர்களுக்கு வலித்தது உண்மை. அந்த வலி தேசியக் கணக்கில் தசமப் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

"எஸ்எஸ்டி வரி ஏத்துனதால எவ்ளோ ஏறுச்சு?"

எஸ்எஸ்டி என்றால் விற்பனை, சேவை வரி. அதில் சேவை வரி 2024 மார்ச் 1இல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. சாப்பாடு, பானம், தொலைத்தொடர்பு பழைய 6லேயே இருந்தன. 2025 ஜூலை 1இல் வரியைப் பல புதிய துறைகளுக்கும் விரித்தார்கள். இறக்குமதி ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் பட்டியலில் வந்து, சத்தம் கிளம்பியதும் விலக்குப் பெற்றன. அரிசி, காய்கறி, கோழிக்கு வரி இல்லை. வரியால் வரும் ஏற்றம் பன்னிரண்டு மாதம் மட்டும் எண்ணில் தெரியும், பிறகு மறைந்துவிடும். 2021 பெட்ரோல் பதிலில் சொன்ன அதே காரணம்தான். எண்ணிலிருந்து மறையும், பில்லிலிருந்து மறையாது.

"தீபாவளிக்கு விலை கட்டுப்படுத்துறோம்னு சொல்றாங்களே, அது நிஜமா நடக்குதா?"

பண்டிகைக் கால உச்சவரம்பு விலைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு நடத்துகிறது. தீபாவளிக்கு நமக்கு வேண்டிய இறக்குமதி ஆட்டிறைச்சி, இந்தியச் சின்ன வெங்காயம், தக்காளி, தேங்காய், பருப்பு போன்றவை பட்டியலில் வரும். சில நாள்களுக்கு மட்டும். அந்த நாள்களில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைக்க வேண்டும், மீறினால் அபராதம்.

என் கருத்து: பேராசைக்குக் கடிவாளம் போட இது உதவும், விலைவாசியை இறக்க உதவாது. பட்டியலில் இல்லாத முறுக்கு மாவு, நெய், முந்திரியில் கடைக்காரர் ஈடுகட்டிக்கொள்வார். பிரைஸ் கேட்சர் என்ற செயலியில் எந்தக் கடையில் என்ன விலை என்று அமைச்சே போடுகிறது. ஈப்போ வரை போய் வாங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள், பெட்ரோல் காசையும் சேர்த்து.

"1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்ததாலதான் எல்லாம் ஏறுதுன்னு முதலாளி சொல்றாரு. சரியா?"

பாதி சரி. 2020இல் நகராண்மைப் பகுதிகளில் 1,200, மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. 2022 மே முதல் 1,500. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் முதல். ஆள் கூலி அதிகமாக உள்ள சாப்பாட்டுக் கடையில் இது விலையில் தெரியும். தோசைக் கேள்வியில் பார்த்தோம்.

மீதிப் பாதி: 1,700 ஆன பிறகு நாட்டின் பணவீக்கம் 1.7லிருந்து ஜூனில் 1.1க்கு இறங்கியது, செப்டம்பரில் 1.5க்குத் திரும்பியும் பழைய 1.7ஐத் தாண்டவில்லை. முதலாளி சொல்வது உண்மையானால் எதிர்த்திசையில் போயிருக்க வேண்டும். தன் கடை விலைக்கு அவர் சொல்லும் காரணம் சரியாக இருக்கலாம், நாட்டு விலைவாசிக்கு அது காரணமில்லை.

"என் சம்பளம் நிஜமாவே ஏறியிருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

2020இல் வாங்கிய சம்பளத்தை 1.12ஆல் பெருக்குங்கள். அப்போது 2,000 என்றால் இப்போது 2,240 வாங்கினால்தான் அதே இடத்தில் நிற்கிறீர்கள். அதற்கு மேல் உள்ளதுதான் உயர்வு. குறைந்தபட்சச் சம்பளக்காரர்கள் இந்தக் கணக்கில் முன்னேறியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் மேலே 2,000, 2,500 வாங்குகிற கடை மேலாளர், மழலையர் பள்ளி ஆசிரியை, குமாஸ்தா, இவர்களில் பலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் மாதச் சம்பளத்தை வைத்துப் பார்க்காதீர்கள், மழைக்காலத்தில் வேலை நாள் குறையும். வருட மொத்தத்தை வைத்துப் பாருங்கள்.

"செம்பனை விலை ஏறினா தோட்டத்து ஊருக்கு நல்லதா கெட்டதா?"

இரண்டும். 2022 தொடக்கத்தில் செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது, உக்ரைன் போர் ஒரு பக்கம், இந்தோனேசியா ஏப்ரல் கடைசியில் ஏற்றுமதியை நிறுத்தியது இன்னொரு பக்கம். சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருந்தவர் கையில் காசு புரண்டது. அதே காசு ஊர்க் கடைகளுக்கும் வந்தது, 555 கடன் புத்தகத்தில் பல பக்கங்கள் அடிபட்டன.

அதே வருடம் ஜூலையில் போத்தல் சமையல் எண்ணெய்க்கான மானியம் நின்றது. 5 கிலோ போத்தல் வாங்குகிற வீட்டுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் செலவு ஏறியது. பொட்டல எண்ணெய் மட்டும் 2 வெள்ளி 50 காசிலேயே நின்றது, அதற்காக வரிசையும் நின்றது. சொந்த நிலம் இல்லாமல் கூலிக்கு வெட்டுகிறவருக்கு லாபம் கொஞ்சம், நஷ்டம் முழுசு. உரம், பூச்சிமருந்தும் அந்த வருடம் எக்கச்சக்கமாக ஏறியதால் நாலு ஏக்கர்காரருக்கும் கையில் நின்றது நினைத்ததைவிடக் குறைவு. நாட்டின் பணவீக்க எண்ணைப் பார்த்து இதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

"சேமநிதியில போட்ட காசு கரையுதா வளருதா?"

ஊழியர் சேமநிதி வாரியம் 2024க்கு 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தது, பணவீக்கம் 1.8. அதனால் நிஜமாக வளர்ந்தது 4.5 அளவு. 2023க்கு 5.50, பணவீக்கம் 2.5. வளர்கிறது. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கும் 10,000 வெள்ளிதான் கரைகிறது. 2020இலிருந்து அப்படியே வைத்திருந்தால் இன்றைக்கு அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய 8,900 வெள்ளி.

"அப்ப நகை வாங்கி வைக்கலாமா?"

தங்கம் 2025 அக்டோபரில் ஒரு அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அது எனக்கு விளங்காத விளையாட்டு, ஆலோசனை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: நகையும் விலைக் குறியீட்டுக்குள் இருக்கிறது, தனிப்பட்ட பராமரிப்பு என்ற பிரிவில். 2025இல் அந்தப் பிரிவு வேகமாக ஏறியதில் தங்கத்துக்குப் பங்கு உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் வீட்டுப் பணவீக்கம் இந்த வருடம் வேறு உலகத்தில் இருக்கும்.

"வீட்டுக்கடன் தவணை ஏறினப்ப அதையும் பணவீக்கத்துல சேத்தாங்களா?"

இல்லை. வாடகை சேரும், தவணை சேராது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை 2020இல் 1.75க்கு இறக்கி, 2022 மே முதல் படிப்படியாக ஏற்றி 2023 மே மாதம் 3.00க்குக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் 2.75க்கு இறக்கியது. இந்த வட்டி பணவீக்கத்தை அடக்கும் கருவி, அதன் ஒரு பகுதி அல்ல. கடன்காரருக்குத்தான் இரண்டு பக்கமும் இடி.

"அடிப்படைப் பணவீக்கம்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எதுக்கு?"

ஆறாம் படிவத் தங்கச்சி ஒருத்தி கேட்டது. ஏறி இறங்கும் காய்கறி, மீன் போன்றவற்றையும், அரசாங்கம் கட்டிவைத்த விலைகளையும் ஒதுக்கிவிட்டு மீதியைப் பார்ப்பது அடிப்படைப் பணவீக்கம். 2025 தொடக்கத்தில் 1.8, செப்டம்பரில் 2.1. மொத்த எண் 1.5, அடிப்படை 2.1 என்றால், கட்டிவைத்த விலைகளும் மலிந்த பச்சைச் சாமான்களும் எண்ணைக் கீழே பிடித்து இழுக்கின்றன என்று புரிந்துகொள்ளலாம். தோசையும் முடிவெட்டும் டியூஷன் கட்டணமும் இருப்பது இந்த 2.1க்குள். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், சாப்பாட்டுக் கடையில் சொன்னால் முறைப்பார்கள்.

"விலையெல்லாம் ஒரேயடியா இறங்கிட்டா எவ்ளோ நல்லா இருக்கும்?"

2020இல் இறங்கியது. அப்போது எத்தனை பேருக்கு வேலை இருந்தது, எத்தனை கடை திறந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"அடுத்த வருஷம் எப்படி இருக்கும்ணே?"

அரசாங்கம் 2026க்கு 1.3 முதல் 2.0 வரை இருக்கும் என்று கணித்திருக்கிறது. நடந்தாலும் நான்காவது பதிலில் சொன்னதுதான், ஏறிய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறும். வடகிழக்குப் பருவமழையில் கேமரன் காய்கறியும் கிழக்குக் கரை மீனும் நவம்பரிலிருந்து ஏறும், பிப்ரவரி வாக்கில் அடங்கும். அதை வைத்து வருடம் முழுக்கக் கணிக்காதீர்கள். நான் கவனிப்பது டாலர் நிலவரத்தையும், மானியம் இல்லாத பெட்ரோல் விலையையும், சாப்பாட்டுக் கடை முதலாளி புது விலைப்பலகைக்கு ஆள் கூப்பிடுகிறாரா என்பதையும். போன வாரம் பலகை எழுதுபவரின் எண்ணை என்னிடம் கேட்டார்.